முடிச்சக்காவின் நாலரை மணி நேரம்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவரும் கை காட்ட மாட்டார்கள். முடிச்சக்கா என்று கேட்க வேண்டும். கேட்டால், ஐஸ் உடைக்கிறவரிலிருந்து டீக்கடைக்காரர் வரை நாலு பேர் முன்னால் வந்து வழி சொல்வார்கள். அதில் ஒருவர் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்.

முடிச்சு என்பது நண்டுக்குப் போடுகிற முடிச்சு. உயிருள்ள சேற்று நண்டு லேசுப்பட்ட பிராணி அல்ல. பெரிய ஆண் நண்டின் கொடுக்கில் விரல் அகப்பட்டால் அந்த விரல் நம்முடையது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான். அதைப் பின்பக்கமாகப் போய் முதுகில் அமுக்கி, கொடுக்குகள் இரண்டையும் மடக்கி, ஈரச் சணல் கயிற்றைக் குறுக்கே கொடுத்து வயிற்றுக்கடியில் இழுத்து முடிய வேண்டும். இறுக்கினால் நண்டின் கால் ஒடியும். தளர்த்தினால் கட்டுகிறவளின் கை போகும். முடிச்சக்கா இதை வீட்டுக்கதை பேசிக்கொண்டே செய்வாள். பேச்சு நிற்காது, கண் நண்டின் மேல் இருக்காது, நண்டு மட்டும் பொட்டலமாகிக் கூடையில் போய் விழும்.

கல்யாணமான புதிதில் அவள் மீன் பதப்படுத்தும் ஆலையில் இறால் உரிக்கப் போனாள். விரல் நுனியெல்லாம் வெந்துபோகிற வேலை. நண்டுப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இவள் எழுந்து நின்றாள். "இறாலு செத்துப்போன ஜீவன், அதுகூட என்ன சண்டை போடறது? நண்டாவது திருப்பி அடிக்கும்" என்றாளாம். அன்று தொடங்கிய உறவு.

பல வருஷம் கழித்து ஆலை நண்டுப் பிரிவை மூடியது. உயிரோடு அனுப்புவது தலைவலி, உறைய வைத்த இறாலே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பெண்களை மறுபடி இறால் மேஜைக்குப் போகச் சொன்னார்கள். முடிச்சக்கா கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கூடவே இன்னொருத்தியும் வந்தாள். அவளுடைய நாத்தனார். அதே ஆலையில் எடை போடும் இடத்தில் இருந்தவள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எப்போது முட்டிக்கொள்ளும் என்று தெருவே காத்திருந்தது. பாவம், அந்த வேடிக்கை அவர்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளையை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் உண்மை. அவர் முடிச்சக்காவின் புருஷன். சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். பேச வாய் திறப்பதற்குள் இவர்கள் இருவரும் முடிவெடுத்துவிடுவார்கள் என்பதால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று.

"அண்ணி, நாமளே அனுப்பினா என்ன?" என்று நாத்தனார்தான் ஆரம்பித்தாள்.

"எங்க அனுப்பறது?"

"கடலுக்கு அந்தப் பக்கம். அங்க உயிர் நண்டுன்னா வரிசையில நிக்கறாங்களாம். ஒரு அம்மா ஓட்டல் வெச்சிருக்காங்க. இங்கேருந்து போனவங்கதான். ஆலையில இருந்தப்பவே ஃபோன்ல பழக்கம். நம்பர் வெச்சிருக்கேன்."

வேன்காரர் வாய் திறந்தார். "அதுக்குள்ள—"

"நீங்க துறைமுகத்துலேருந்து நண்டு ஏத்திட்டு வந்துடுங்க" என்றாள் முடிச்சக்கா. முடிந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் பழைய படகு எஞ்சின் பட்டறை ஒன்று காலியாக இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, சிமெண்டுத் தொட்டி கட்டி, கடல் தண்ணீர் நிரப்பினார்கள். வாங்கிய நண்டுகளை ஒருநாள் தொட்டியில் விட்டு, சோர்ந்ததைக் கழித்து, தெம்பானதைக் கட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்குத் துணி விரித்துத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, காற்றுக்கு ஓட்டை போட்டு மூட வேண்டும். பெட்டிகளை நாத்தனார் எங்கேயோ போய் பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கி வந்தாள். உறைந்த மீன் அனுப்புகிற கம்பெனி கழித்துப் போட்ட பெட்டிகள். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தன. பக்கவாட்டில் நீல நிறத்தில் அழகாக ஒரு பூ வேறு அச்சடித்திருந்தது.

முதல் சரக்கு விமானத்தில் போன அன்று மூவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் ஃபோன் வந்தது. ஓட்டல்காரம்மாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"முடிச்சக்கா, மனசு கஷ்டப்படாதீங்க. எல்லாம் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"செத்துப்போச்சுங்க. முக்கால்வாசி. மிச்சமும் இன்னிக்கோ நாளைக்கோன்னு கிடக்குது."

முதல் தடவை, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். இரண்டாவது தடவை சாக்கை இன்னும் நன்றாக நனைத்து அனுப்பினார்கள். அப்போதும் அதே கதை. மூன்றாவது தடவை பெட்டியில் ஓட்டையை அதிகப்படுத்தினார்கள். ஓட்டல்காரம்மா நல்ல மனுஷிதான், ஆனால் அவளுக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? "இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கலாம் முடிச்சக்கா. அதுவும் இப்படியே வந்தா, நான் வேற இடம் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மேலே காற்று கிடையாது, மூச்சு முட்டிச் சாகிறது என்றார் ஐஸ்காரர். எஞ்சின் சத்தத்தில் நண்டின் நெஞ்சு வெடித்துவிடும் என்றார் வலைக்காரர். நண்டுக்கு நெஞ்சு எங்கே இருக்கிறது என்று நாத்தனார் அவரைக் கேட்டு, அது தனிச் சண்டையாகப் போயிற்று. பழைய மேற்பார்வையாளர் வழியில் பார்த்து, "இதுக்குத்தாம்மா நாங்க மூடினோம். பெரிய ஆலையாலயே முடியாதது" என்று ஆறுதல் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறுதல்தான் முடிச்சக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் காலை அவள் விமான நிலையத்துச் சரக்கு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா இருந்தார். பொறுமைசாலி.

"சார், அந்த ஊரு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"மூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம்."

"எவ்வளவு நேரம் பறக்கும்?"

"நேரா போற விமானம்மா. நாலரை மணி நேரம். எதிர்காத்து இருந்தா கொஞ்சம் கூட."

அவளுக்கு முதலில் காதில் ஏறவில்லை. மூவாயிரம் கிலோமீட்டர் என்றதும், பாலைவனம் தாண்டிப் போகிற பயணம் மாதிரி மனசில் ஒரு படம் விரிந்தது. பிறகுதான் நாலரை மணி நேரம் என்பது மெல்ல உறைத்தது. அவளுடைய பட்டறையில் ஈரச் சாக்கு போட்டு மூடிய நண்டு இரண்டு நாள் ஆனாலும் கண்ணை நீட்டிக்கொண்டு முறைக்கும். அது நாலரை மணி நேரத்தில் எப்படிச் சாகும்?

"குலுக்கல்ல சாகுதோ என்னமோ" என்றாள் நாத்தனார்.

உடனே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெட்டியில் நண்டுகளை அடைத்து வேனின் பின்னால் வைத்து, குண்டும் குழியுமான சாலையாகப் பார்த்து ஓட்டச் சொன்னாள் முடிச்சக்கா. வேன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கிளம்பி மத்தியானம் வரை உப்பளத்து ரோட்டிலும் கல்குவாரி ரோட்டிலும் நண்டுகளுக்கு ஊர் சுற்றிக் காட்டிவிட்டு வந்தார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெட்டியைத் திறந்தார்கள். நண்டுகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. ஒன்று அவரைப் பார்த்துக் கொடுக்கை அசைக்கப் பார்த்தது.

"நான்தான் செத்தேன்" என்றார் வேன்காரர். அந்த மாதத்தில் அவர் முழுசாகப் பேசிய ஒரே வாக்கியம் அது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது முடிச்சக்கா தட்டில் கோலம் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நானும் கூடப் போறேன்."

"எங்க அண்ணி?"

"நண்டு கூட. அதே விமானத்துல. எங்க சாகுதுன்னு என் கண்ணால பாக்கணும். இங்க உக்காந்து ஆளாளுக்கு ஜோசியம் சொல்றதக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

எப்போதோ வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று எடுத்து, போகாமல் விட்டுப்போன பாஸ்போர்ட் ஒன்று அவளிடம் இருந்தது. அதைப் புதுப்பித்தார்கள். விசா வந்தது. டிக்கெட்டை நாத்தனார் எடுத்துக் கொடுத்தாள். வேன்காரர் தன்னுடைய ஒரே கம்பளிச் சட்டையை எடுத்து அவள் பையின் மேல் வைத்தார். "மேல குளிருமாம்" என்றார்.

விடிந்ததும் கிளம்புகிற விமானம். சரக்குப் பக்கம் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, பயணிகள் பக்கம் ஓடிவந்து வரிசையில் நின்றாள். சாமான் வண்டிகள் விமானத்தின் அடிவயிற்றுக்குப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நீலப் பூ போட்ட தன் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஏறுவதைக் கண்டபோது பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு நிற்பவள் போல எட்டி எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு பல் டாக்டரம்மா. விமானம் ஓட ஆரம்பித்ததும் முடிச்சக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்தவள், மேகத்துக்கு மேலே போன பிறகுதான் விட்டாள்.

"முதல் தடவையா?" என்றார் டாக்டரம்மா, கையை உதறிக்கொண்டே. "என்கிட்ட வர்றவங்க நாற்காலியைத்தான் பிடிப்பாங்க. நீங்க பிடிச்ச பிடி அதைவிட ஜோர்."

"நண்டு பிடிக்கிற கைங்க. மன்னிச்சுக்குங்க."

முன்னிருக்கையின் முதுகில் சின்னத் திரை ஒன்று இருந்தது. டாக்டரம்மா அதில் வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். நீலக் கடலின் மேல் பொம்மை விமானம் ஒன்று எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. போக வேண்டிய தூரம், மிச்சமிருக்கும் நேரம், பறக்கும் உயரம் என்று எழுத்துகள் மாறி மாறி வந்தன. முடிச்சக்கா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தான் இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்த தூரம், கைக்குட்டை அளவு திரையில் கண்ணெதிரே கரைந்துகொண்டே போவதைப் பார்க்க அவளுக்கு ஒரு பக்கம் வேடிக்கையாக இருந்தது. இன்னொரு பக்கம், அந்தத் தூரத்துக்குள் எந்த இடத்தில் எமன் காத்திருக்கிறானோ என்று தேடிக்கொண்டும் இருந்தாள்.

அப்போது திரையில் இன்னொரு எண் வந்தது.

"இது என்னங்க, ஐம்பதுக்கு முன்னால ஒரு கோடு?"

"வெளியில இருக்கிற குளிரு. பூஜ்யத்துக்குக் கீழ ஐம்பது."

முடிச்சக்கா எழுந்தேவிட்டாள். "ஐயோ! அப்ப என் நண்டெல்லாம் விறைச்சிருக்குமே!"

நாலு வரிசை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். விமானப் பணிப்பெண் ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அது வெளியிலங்க அக்கா. உயிரோட வர்ற சரக்கு வைக்கிற இடம் வெதுவெதுப்பாத்தான் இருக்கும். போன வாரம் ஒரு நாய்க்குட்டி வந்துச்சு. இறங்கும்போது கொட்டாவி விட்டுக்கிட்டே இறங்குச்சு."

நாய்க்குட்டியின் கொட்டாவியை நம்பி அவள் உட்கார்ந்தாள். ஆனாலும் வேன்காரரின் கம்பளிச் சட்டையை எடுத்துக் காலடியில், தரையின் மேல் விரித்து வைத்தாள். நேர் கீழேதான் நண்டுகள் இருக்கின்றன என்று அவளுக்கு ஒரு கணக்கு. டாக்டரம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

விமானம் இறங்கியபோது வெளியே நல்ல உச்சிவெயில். ஓட்டல்காரம்மாவின் தம்பி வாசலில் காத்திருந்தார். வழக்கமாகச் சரக்கை விடுவித்து எடுத்துப் போகிறவர் அவர்தான். "காகிதமெல்லாம் முடிஞ்சு பெட்டி கைக்கு வர சாயங்காலம் ஆயிடும்க்கா. வாங்க, சாப்பிட்டு வருவோம்" என்றார்.

"சாப்பாடு இருக்கட்டும் தம்பி. பெட்டி இப்ப எங்க இருக்குதோ அங்க போகணும்."

சரக்குக் கிடங்கு பெரிய கொட்டகை. உள்ளே போக அனுமதி கிடையாது. கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். உள்ளே தொப்பை விழுந்த, சிரித்த முகத்துக் கிடங்குக்காரர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்தார். தம்பியைத் தெரிந்தவர். தம்பி அந்த ஊர்ப் பாஷையில் எதையோ சொல்ல, அவர் முடிச்சக்காவைப் பார்த்துக் கும்பிடு போடாத குறையாகத் தலையாட்டி, பெட்டி ஒன்றைக் கம்பிவலைக்கு நடுவே இருந்த சாளரப் பலகையின் மேல் வைத்துத் திறந்து காட்டினார்.

முடிச்சக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்கை விலக்கினாள்.

ஒரு ஜோடிக் கண் மேலெழுந்து அவளைப் பார்த்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி. வாயோரம் நுரை கட்டி, கால்களை உதைத்து, கட்டின கயிற்றைத் திட்டிக்கொண்டு கிடந்தன அத்தனையும்.

"உயிரோட இருக்குதே!" என்றாள். சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம். "தம்பி, எல்லாம் உயிரோட இருக்குதே! அப்ப விமானம் கொல்லலை. தூரம் கொல்லலை. பின்ன எதுதான் கொல்லுது?"

தம்பிக்கும் புரியவில்லை. சாயங்காலம் அவர் கைக்கு வரும்போது எல்லாம் செத்துத்தான் இருக்கும். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கிடங்குக்காரர் பெட்டியை மூடி வண்டியில் ஏற்றி, கவலைப்படாதே என்பது போல முடிச்சக்காவுக்குக் கையைக் காட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். கோடியில் கனத்த இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதை அவர் இழுத்துத் திறந்ததும் உள்ளேயிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று தரையில் வழிந்தது.

மீன் ஆலையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அந்தப் புகை என்னவென்று சொல்ல வேண்டுமா?

"நிறுத்து!"

ஆலை இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. கிடங்குக்காரர் வண்டியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றார். யாரோ துப்பாக்கி நீட்டிவிட்டார்கள் என்றே நினைத்தாராம்.

"தம்பி, கேளு! எதுக்கு அதுல வைக்கிறார்னு கேளு!"

தம்பி கேட்டார். கிடங்குக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, நடுநடுவே நெஞ்சில் கை வைத்து, நீளமாகப் பதில் சொன்னார். தம்பியின் முகம் கோணிக்கொண்டே போயிற்று.

"என்னப்பா சொல்றாரு?"

"இந்த வெயில்ல வெளிய வெச்சா கெட்டுப்போயிடுமாம். மத்தவங்க சரக்கெல்லாம் காத்திருந்தாலும், நம்ம பெட்டியத்தான் எப்பவும் முதல்ல உள்ள தள்ளுவாராம். எங்க அக்கா ஓட்டல் மேல ஒரு மரியாதையாம். இருக்கிறதுலயே நல்லா குளிருற மூலையா பாத்து வைப்பாராம்."

முடிச்சக்கா சாளரப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சேற்று நண்டு வெதுவெதுப்பான கழிமுகத்தில் பிறந்து வளர்ந்த ஜீவன். ஈரம் இருந்தால் எத்தனை மணி நேரமும் தாங்கும். ஐஸ் குளிர் மட்டும் ஆகாது. மூவாயிரம் கிலோமீட்டர் பத்திரமாகப் பறந்து வந்து, கடைசியில் ஒரு நல்ல மனிதரின் பிரியத்தில் சாயங்காலம்வரை விறைத்துச் செத்திருக்கின்றன.

"குளிர்ல வைக்கணும்னு யாரு சொன்னாங்கன்னு கேளு."

கிடங்குக்காரர் பெட்டியின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினார். நீலப் பூ.

அது பூ அல்ல. பனிப்படிகத்தின் படம். உறைய வைக்க வேண்டிய சரக்கு என்பதற்கு உலகம் முழுக்க உள்ள அடையாளம்.

விஷயத்தைத் தம்பி விளக்கிச் சொன்னபோது கிடங்குக்காரரின் சிரித்த முகம் சுருங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து நண்டுகளைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"இத்தனையையும் நானா கொன்னேன்னு கேக்கறார்" என்றார் தம்பி.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கன்னு சொல்லு. அவரு பெட்டியில போட்டிருந்தபடிதானே செஞ்சாரு? பூன்னு நெனச்சு அனுப்பினது நாங்க. சொல்லு தம்பி, அவரு வெச்ச மரியாதைக்கு நான்தான் கடன்பட்டிருக்கேன்னு சொல்லு."

தம்பி அதை எப்படிச் சொன்னாரோ, கிடங்குக்காரர் மறுபடி மனிதரானார். அதற்கப்புறம் அவர் காட்டிய கரிசனத்துக்கு அளவே இல்லை. பெட்டிகளைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் நிழலில் வரிசையாக வைத்து, மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினார். காற்று நேராக அடித்தால் ஈரம் காய்ந்துவிடும் என்று முடிச்சக்கா கம்பிவலைக்கு வெளியிலிருந்து சைகை செய்ததும், விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். சாக்குகளின் மேல் உப்புக் கரைத்த தண்ணீர் தெளிக்கச் சொன்னதும் தெளித்தார். சாயங்காலம் பெட்டிகளை ஒப்படைக்கும்போது, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பன் மாதிரி வண்டி கண் மறையும்வரை நின்று பார்த்தார்.

ஓட்டலின் சமையற்கட்டு பின்பக்கச் சந்துக்குள் இருந்தது. நீளமான எவர்சில்வர் மேஜை, தொங்குகிற கரண்டிகள், சுவரோரம் ஆளுயர அடுப்பு. ஓட்டல்காரம்மா ஏப்ரனோடு வாசலுக்கே வந்தாள். ஃபோனில் கேட்ட குரலுக்கு முடிச்சக்கா குண்டான ஒருத்தியை நினைத்து வைத்திருந்தாள். இவளோ ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு.

"வாங்க முடிச்சக்கா. உங்களப் பாத்ததே சந்தோஷம். நண்டப் பத்தி இப்ப பேச வேணாம். முதல்ல உக்காருங்க."

"இல்லம்மா. முதல்ல நண்டு."

தலைமைச் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மலை மாதிரி ஆள். செத்த நண்டுகளைக் குப்பையில் கொட்டிக் கொட்டி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. முடிச்சக்கா முதல் பெட்டியின் மூடியைத் திறந்து, பெரிய ஆண் நண்டாகப் பார்த்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். கயிற்று நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்தது.

நண்டு ஒரு நொடி அப்படியே இருந்தது. பிறகு கொடுக்குகளை விரித்து, நாலாபுறமும் பார்த்து, பக்கவாட்டில் விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது. உப்பு ஜாடியைத் தள்ளியது. கரண்டி ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேஜை விளிம்புவரை போய், கரண்டியோடு சமையல்காரரின் காலடியில் தொப்பென்று விழுந்தது. மலை மாதிரி ஆள் முக்காலியின் மேல் நின்றார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சமையற்கட்டே சிரித்தது. பாத்திரம் கழுவுகிறவள் ஈரக் கையோடு கைதட்டினாள். முடிச்சக்கா குனிந்து நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, பேசிக்கொண்டே கட்டி, மேஜை மேல் வைத்தாள். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் கண்கள் எழுந்து பார்த்தன. ஒரே ஒரு பெட்டை நண்டு மட்டும் வழியில் போய்விட்டிருந்தது. முடிச்சக்கா அதைத் தனியே எடுத்து வைத்து, "நீ ஏண்டியம்மா அவசரப்பட்டே?" என்றாள்.

ஓட்டல்காரம்மா மேஜையைச் சுற்றி வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "வாராவாரம் அனுப்புங்க. எவ்வளவு முடியுதோ அவ்வளவு" என்றாள்.   முடிச்சக்கா அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"அடியே, கேக்குதா? எல்லாம் உயிரோட இருக்குது! நீ வாங்கின பெட்டியில இருந்துச்சே, பூ—"

"ஆமா அண்ணி, அழகா இருக்குமே."

"அது பூ இல்லடி. பனி! ஐஸ்ல வையின்னு அர்த்தம்! நாமளே எழுதிக் குடுத்துக் கொன்னுருக்கோம்!"

 அந்தப் பக்கம் நாத்தனார் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு விக்கலாகி, விக்கல் அழுகையாகி, ஃபோன் கை மாறியது. வேன்காரரின் குரல் கேட்டது. "நீ நல்லாருக்கியா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் முடிச்சக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியில் இருந்த பனிப்படிகத்தை அடித்துவிட்டு, கண்ணை உருட்டி முழிக்கிற நண்டு ஒன்றை நாத்தனார் வரைந்தாள். "உயிர் உள்ளது, குளிரில் வைக்காதே" என்று தம்பி அந்த ஊர் எழுத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல் தடவை தாளைத் தலைகீழாகப் பிடித்து எழுதிவிட்டாள். பெட்டி போய் இறங்கியதும் கிடங்குக்காரர் தலையைத் தொங்கப் போட்டுப் படித்து, சிரித்துச் சிரித்து, தானே ஒரு வண்ணப் பேனாவால் திருத்தி எழுதினாராம்.

சரக்கு நிலையாகப் போக ஆரம்பித்த பிறகு ஒரு சோதனை வந்தது. நேராகப் போகிற விமானத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். இனி நடுவில் வேறொரு ஊரில் இறக்கி, மறு விமானம் ஏற்ற வேண்டும். நாலரை மணி நேரம் போய், கிட்டத்தட்ட ஒருநாள் ஆகும். உயிர்ச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த எல்லாரும் கையை உதறினார்கள். மூக்குக் கண்ணாடிக் குமாஸ்தாவே, "வேணாம்மா, ரிஸ்க்கு" என்றார்.

"சார், ஒருநாள்னா ஒருநாள். ஈரமும் நிழலும் இருந்தா என் நண்டு தாங்கும். நடுவுல இருக்கிற ஊர்ல பெட்டிய யாரு எங்க வைப்பாங்க, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவர் அன்றைக்கே அந்த ஊர்க் கிடங்கைக் கூப்பிட்டு விசாரித்துச் சொன்னார். முடிச்சக்கா சாக்கை இரண்டு மடிப்பாக்கி, சாயங்கால வெயில் தணிந்த பிறகு கட்டி அனுப்பினாள். மறுநாள் ஓட்டல்காரம்மாவின் ஃபோன் வந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த மாதங்களில் அந்த ஊரில் உயிர் நண்டு கிடைத்த ஒரே இடம் அவளுடைய ஓட்டல்தான். வாசலில் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

பழைய ஆலையின் மேற்பார்வையாளர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். ஆலை நண்டுப் பிரிவை மறுபடி திறக்கப் போகிறதாம், அவள் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அப்போது பட்டறையில் அவரிடம் முன்பு வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேர் மேஜை போட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிச்சக்கா அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். "நான் வர முடியாதுங்க. நீங்க வேணும்னா உங்க நண்டையும் இங்க அனுப்புங்க, கட்டி ஏத்தி விடறோம்" என்றாள். அவர் டீயை முழுசாகக் குடித்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நண்டும் வந்தது.

ஓட்டல்காரம்மா இரண்டாவது ஓட்டல் திறந்தபோது, முடிச்சக்காவும் நாத்தனாரும் சேர்ந்து போனார்கள். நேர் விமானம் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலரை மணி நேரமும் வாயை மூடவில்லை.

புது ஓட்டலில் தெருவைப் பார்த்த மேஜை அவர்களுக்கு. வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடித் தம்ளர் வைத்திருந்தார்கள். கிடங்குக்காரர் குடும்பத்தோடு வந்து அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டல்காரம்மா கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று, அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்லி முடிச்சக்காவைக் கை காட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்ட, பிறகு கூடமே தட்டியது. முடிச்சக்கா எழுந்து நிற்பதா உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதியில் நின்றாள்.

"என்னப்பா சொன்னாங்க?" என்று தம்பியின் காதோரம் கேட்டாள்.

"நீங்க சாப்பிடறது நேத்து வரைக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் முறைச்சுக்கிட்டு இருந்துச்சு, அதை இங்க கொண்டாந்தவங்க இவங்கதான்னு சொன்னாங்க" என்றார் தம்பி.

மலை மாதிரிச் சமையல்காரர் தானே தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். ஆவி பறக்க, செக்கச்செவேல் என்று இருக்கிறதிலேயே பெரிய நண்டு. அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிச்சக்கா தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெதுவாகத் தட்டை நாத்தனார் பக்கம் நகர்த்தினாள்.

"தம்பி, கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுப்பா. வாரம் முழுக்க இதுங்க முகத்துலதான் முழிக்கிறேன். எனக்கு வேற ஏதாவது சூடா குடுக்கச் சொல்லு."